கைவிட்ட மெஷின்களுக்காக ஒரு கம்பெனி பிறந்த கதை

ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி வெட்டு தொடங்கிவிட்டால் வே பிரிட்ஜ் அறைகளுக்கு ஓய்வு கிடையாது. கிழங்கு லாரி மேடையில் ஏறி நிற்கும். உள்ளே இருப்பவர் வண்டி நம்பரை அடித்து ஒரு கீயைத் தட்டுவார். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று எடைச் சீட்டைத் தள்ளும். அந்த எடையையும் கிழங்கின் மாவுச்சத்துப் பாயிண்டையும் வைத்துத்தான் ஜவ்வரிசி மில்லில் பணம். இந்த வேலையைச் செய்கிற கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தால், சில அறைகளில் இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி தெரியும். மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவிய தேதி 2014 ஏப்ரல் 8.

ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், “ஓடறத எதுக்குங்க நோண்டணும்?” என்பார்கள். நியாயம்தான். எடை காட்டும் இண்டிகேட்டரிலிருந்து வரும் ஒயர் ஒன்பது பின் சீரியல் போர்ட்டில் செருகியிருக்கிறது. புதுக் கம்ப்யூட்டரில் அந்தத் துளையே கிடையாது. கன்வர்ட்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்றால், எக்ஸ்பிக்கு எழுதிய சாஃப்ட்வேர் புது விண்டோஸில் மூச்சுவிடுவதில்லை. எழுதிக் கொடுத்தவர் எந்த ஊரில் இருக்கிறாரோ. இரும்பு நன்றாகத்தான் இருக்கிறது. அதோடு பேசத் தெரிந்தவர்தான் இல்லை.

வே பிரிட்ஜ் அறையின் இந்தத் தலைவலி 1978-ல் இந்தியாவுக்கே ஒருமுறை வந்தது. நாடு முழுக்க 800-க்கும் மேற்பட்ட இடங்களில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களை, அவற்றைச் செய்த கம்பெனி அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பியது. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஏற்கெனவே ஒரு அரசு நிறுவனம் பிறந்திருந்தது. கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் என்று பெயர், சுருக்கமாக சிஎம்சி. கம்ப்யூட்டர் செய்வதற்காக உலகில் எத்தனையோ கம்பெனிகள் பிறந்திருக்கின்றன. பிறர் செய்த பழைய கம்ப்யூட்டரைச் சாகவிடாமல் வைத்திருக்க ஒரு அரசாங்கம் கம்பெனி தொடங்கியது அபூர்வம்.

அந்தக் கதைக்குள் போவதற்கு முன் டேப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆபரேட்டிங் சிஸ்டம் என்ற ஒன்று பிறந்ததிலேயே டேப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

1950களின் நடுவில் ஐபிஎம் 704 போன்ற மெஷின்களில் ஒருவர் வேலை முடித்துத் தன் கார்டுக் கட்டை எடுத்துக்கொண்டு போவார். அடுத்தவர் வந்து தன் டேப்பை மாட்டி, சுவிட்சுகளைச் சரிபார்த்து ஆரம்பிப்பதற்குள் பல நிமிடம் ஓடிவிடும். அத்தனை நேரமும் மெஷின் சும்மா நிற்கும், வாடகை மட்டும் நிற்காது. 1956-ல் ஜெனரல் மோட்டார்ஸிலிருந்த ராபர்ட் பேட்ரிக்கும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷனிலிருந்த ஓவன் மாக்கும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். எல்லாருடைய வேலையையும் ஒரே டேப்பில் வரிசையாக ஏற்றிவிடுவது, ஒன்று முடிந்ததும் மெஷினே அடுத்ததை எடுத்துக்கொள்வது. ஜிஎம்-என்ஏஏ ஐ/ஓ என்ற அந்த நிரலைத்தான் உலகின் முதல் ஆபரேட்டிங் சிஸ்டங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். அதை எழுதியவர்கள் மெஷினைச் செய்தவர்கள் அல்ல, மெஷினோடு மாரடித்தவர்கள். இந்தக் கதையில் இது திரும்பத் திரும்ப வரும்.

அந்தக் காலத்து டேப் டிரைவ் ஆள் உயரம் இருக்கும். அரை அங்குல அகலம், 2,400 அடி நீளமுள்ள நாடா ஒரு பெரிய ரீலில் சுற்றியிருக்கும். நொடிக்கு 75 அங்குல வேகத்தில் ஓடுகிற நாடாவைக் கண்மூடித் திறப்பதற்குள் நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும். கனமான ரீலை அப்படி வெடுக்கென்று இழுத்தால் நாடா அறுந்துவிடும். அதனால் இரண்டு ரீல்களுக்கும் கீழே இரண்டு நீளமான குழல்களை வைத்துக் காற்றை உறிஞ்சினார்கள். நாடா அவற்றுக்குள் வளைந்து தொங்கும். நின்று கிளம்பும் உதறலை அந்தத் தொங்கல் வாங்கிக்கொள்ளும், ரீல் மெதுவாகப் பின்தொடரும். 1952-ல் ஐபிஎம் தன் 726 டிரைவில் கொண்டுவந்த உத்தி இது. பழைய சினிமாக்களில் கம்ப்யூட்டர் என்றாலே ரீல்கள் விட்டுவிட்டுச் சுற்றுமே, அதன் பின்னணி இதுதான்.

ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் நடுவே முக்கால் அங்குலம் வெற்று நாடா விடவேண்டும், நிற்பதற்கும் கிளம்புவதற்கும். பிழை வந்தால் பின்னால் வந்து மறுபடி படிக்க வேண்டும். மாட்டியது சரியான ரீல்தானா என்று தலைப்பைப் பார்க்க வேண்டும். ரீலின் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் டிரைவ் எழுதாது, படிக்க மட்டும் செய்யும். சம்பளக் கணக்கு எழுத வந்த நிரலாளர் இத்தனையையும் தானே எழுதிக்கொண்டிருக்க முடியுமா? 1401 என்ற மெஷினுக்கு ஐபிஎம் இதற்கென்று ஐஓசிஎஸ் என்ற பொது நிரல் தொகுப்பு ஒன்றைத் தந்தது. இன்று டிரைவர் சாஃப்ட்வேர் என்கிறோமே, அதன் பெரியப்பா முறை.

அந்த 1401 இந்தியாவில் முதலில் இறங்கியது 1961-ல், பம்பாயில் எஸ்ஸோ எண்ணெய் கம்பெனியில். அமெரிக்காவில் 1959 அக்டோபரில் அறிவித்தபோது மாத வாடகை 2,500 டாலரில் தொடங்கியது. அன்றைக்கு அதுவே மலிவு. வால்வுகளை விட்டொழித்து முழுக்க டிரான்சிஸ்டரில் செய்த மெஷின். நினைவகம் 1,400 எழுத்தில் தொடங்கி 16,000 வரை போகும். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு ‘காலை வணக்கம்’ படத்தை அதில் அடைக்க முடியாது. ஆனால் அதன் 1403 பிரிண்டர் நிமிடத்துக்கு 600 வரி அடித்தது, அதுவும் கண்ணுக்கு அழகாக. உலகம் முழுக்க 12,000-க்கும் மேல் போனதற்கு அந்தப் பிரிண்டர் ஒரு முக்கியக் காரணம். 1960களின் பிற்பாதியில் நம் ரயில்வே மண்டலங்களிலும், பெரம்பூர் ஐசிஎஃப் மாதிரியான உற்பத்திப் பிரிவுகளிலும் 1401-கள் வந்து உட்கார்ந்தன. சம்பளப் பட்டியலும் சரக்கு வருமானக் கணக்கும் துளையிட்ட கார்டுகளாக உள்ளே போயின.

இந்தியாவில் ஓடியவற்றில் பல, வேறு நாடுகளில் வாடகை முடிந்து திரும்பிவந்த பழைய மெஷின்கள். பம்பாய்த் தொழிற்சாலையில் அவற்றைத் துடைத்து, சரிசெய்து, இங்கே வாடகைக்கு விட்டது ஐபிஎம். அமெரிக்காவில் அந்த மாடலை 1971-ல் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இங்கே அதற்குப் பிறகும் அதுதான் கம்ப்யூட்டர்.

மெஷின் பழையது என்பதைவிட, யார் சாவியை வைத்திருந்தார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் கால வாடகை சைக்கிள் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் நம் கையில் இருக்கும், ஊரெல்லாம் சுற்றலாம். ஆனால் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் ஸ்பானரும் பம்பும் கடைக்காரரிடம்தான். செயின் கழன்றாலும் உருட்டிக்கொண்டு அங்கேதான் போக வேண்டும். ஐபிஎம்மின் வாடகை முறை அப்படித்தான் இருந்தது. மெஷினைத் திறக்கும் எஞ்சினியர் அவர்கள் ஆள், உதிரிப்பாகம் அவர்கள் கிடங்கில், சர்க்யூட் படங்கள் அவர்கள் பீரோவில். 1401-க்குள் சின்னச் சின்ன அட்டைகள் ஆயிரக்கணக்கில் செருகியிருக்கும், ஒவ்வொன்றிலும் சில டிரான்சிஸ்டர்கள். எந்த அட்டை எந்த அட்டையோடு பேசுகிறது என்று காட்டும் படங்கள் மட்டும் கட்டுக்கட்டாகப் புத்தகங்கள். அந்தப் புத்தகம் இல்லாமல் 1401-ஐத் திறப்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு காட்டில் நுழைந்தவர் மாதிரி.

பழையதைக் கைவிட்டால் என்ன ஆகும் என்று ஐபிஎம்முக்குத் தெரியாமலா இருந்தது? நன்றாகவே தெரியும். 1964 ஏப்ரல் 7-ஆம் தேதி அவர்கள் சிஸ்டம்/360 குடும்பத்தை அறிவித்தார்கள். அமைப்பே வேறு. ஆறு பிட் எழுத்து போய் எட்டு பிட் வந்தது. டேப்பில் ஏழு தடம் போய் ஒன்பது தடம் ஆனது. 1401-ல் எழுதிய ஒரு வரி கூடப் புதியதில் ஓடாது. இதற்கிடையே 1963 டிசம்பரிலேயே ஹனிவெல் கம்பெனி தன் 200 மாடலை இறக்கியிருந்தது. அதோடு ‘லிபரேட்டர்’ என்று ஒரு மொழிமாற்றி நிரல். 1401 நிரலைப் போட்டால் ஹனிவெல்லில் ஓடும்படி மாற்றித் தரும். எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும் என்றால் வாடிக்கையாளர் ஐபிஎம்மிலேயே இருப்பானேன்? ஆர்டர்கள் ஹனிவெல் பக்கம் சாய்ந்தன.

ஐபிஎம் எஞ்சினியர்கள் செய்தது கெட்டிக்காரத்தனம். 360-இன் சிறிய மாடலான மாடல் 30-இன் அடிமட்ட நுண்நிரலிலேயே 1401-இன் ஆணைகளைப் புதைத்துவிட்டார்கள். புது மெஷின் தன்னை 1401 என்று நினைத்துக்கொண்டு பழைய நிரலை ஓட்டும், அதுவும் அசலைவிட வேகமாக. இதற்கு எமுலேட்டர் என்று பெயர் வைத்தார் அங்கிருந்த லாரி மாஸ். ஏழு தட டேப்பைப் படிக்கும் தலையுள்ள டிரைவையும் புதுக் குடும்பத்தோடு மாட்டிக்கொள்ள வழி வைத்தார்கள். பழைய ரீல்களைத் தூக்கிப்போட வேண்டாம் என்ற அந்த ஒரு வாக்குறுதியில்தான் 360 வென்றது என்று நான் சொல்வேன். அதே குடும்பத்தில் வந்த இன்றைய மெயின்ஃப்ரேம்களில் 1960களில் எழுதிய நிரல்களை இன்றும் ஓட்ட முடிகிறது.

இந்த வசதியெல்லாம் புது மெஷினுக்கு மாறுகிறவர்களுக்குத்தான். மாற வழியில்லாதவர்களுக்குப் பழையதே கதி. நமக்கு 360-களும், சில இடங்களில் அவற்றுக்கு அடுத்து வந்த 370-களும் வரத்தான் செய்தன. சென்னை ஐஐடிக்கு 1973-ல் ஜெர்மன் உதவியில் வந்த 370/155 அன்றைக்குப் பெரிய விஷயம். கார்டுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற மாணவர்கள் பின்னாளில் சாஃப்ட்வேர் கம்பெனிகளின் தலைவர்களானார்கள். ஆனால் எண்ணிக்கையில் நாட்டைச் சுமந்தது பழைய 1401-தான்.

எலெக்ட்ரானிக்ஸுக்கென்று தனித் துறையும், 1971-ல் எம்.ஜி.கே. மேனன் தலைமையில் ஆணையமும் வந்த பிறகு தில்லியில், சாவி யார் கையில் என்ற கேள்வி சூடாகியது. சொந்தமாக டிஃப்ராக் என்று ஒரு கம்ப்யூட்டரையே கட்டிய நாடு இது. அதைக் கட்டிய குழுவை நடத்திய ஆர். நரசிம்மன் சென்னைக்காரர், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். அப்படிப்பட்ட நாட்டில் ரயில்வே சம்பளக் கணக்கு ஓடும் மெஷினை வெளிநாட்டுக் கம்பெனி ஆள் வந்துதான் திறக்க வேண்டும் என்றால் எப்படி? 1976-ல் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு, வேறிடத்தில் கழித்த மெஷின்களுக்கு இங்கே இப்படி வாடகை வசூலிப்பதை விளாசியது.

அதற்கு முன்பே, 1975 டிசம்பரில், சிஎம்சி பதிவாகிவிட்டது. முழுக்க அரசுப் பணம். வெளிநாட்டு மெஷின் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் பராமரிப்பது ஒரே இந்திய நிறுவனம் என்பதுதான் எண்ணம். ஐபிஎம் கிளம்பும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பிள்ளை பிறந்த பிறகுதான் அதற்குரிய வேலை வந்து சேர்ந்தது.

வேலையைக் கொண்டுவந்தது அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், பேச்சுவழக்கில் ‘ஃபெரா’. 1973-ல் இயற்றி 1974-ல் அமலுக்கு வந்த இந்தச் சட்டப்படி வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்தியக் கிளையில் தம் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும். விதிவிலக்குக் கேட்டவர்களில் ஐபிஎம் ஒன்று. ஒரு பகுதியை மட்டும் பிரித்து இந்தியர்களுக்குப் பங்கு தருகிறோம், மற்றது எங்களிடமே முழுசாக இருக்கட்டும் என்றார்கள். அரசு ஒப்பவில்லை. ஜனதா ஆட்சி, ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் தொழில் அமைச்சர். கோக-கோலா 1977-ல் மூட்டை கட்டியது. ஐபிஎம் அதே ஆண்டு நவம்பரில் அறிவித்து, 1978-ல் கடையைச் சாத்தியது.

கோக-கோலா போனால் வேறு கலர் குடிக்கலாம். ஐபிஎம் போனால் ஒன்றாம் தேதி சம்பளப் பட்டியல் யார் அடிப்பது?

800 சொச்சம் இடங்களின் பராமரிப்பு சிஎம்சி கைக்கு வந்தது. இன்றைக்கு இதைப் படிக்கும்போது ஒரு சாதாரண அரசாணை மாதிரி தெரியும். வேலை அப்படிப்பட்டதல்ல. டேப் டிரைவ் என்பது பாதி மின்சாரம், பாதி இயந்திரம். தலையில் ஆக்ஸைடு தூள் படியும், துடைக்காவிட்டால் பிழை கூடும். உறிஞ்சும் காற்று குறைந்தால் நாடா குழலுக்குள் தத்தளிக்கும். கார்டு படிக்கும் மெஷினில் ஈரக்காற்று பட்ட கார்டு சிக்கும், நம் ஐப்பசி மழைக்கு அதுவே போதும். புது 1401 இனி எங்கும் தயாராகாது. ஆக எந்தப் பாகம் போனாலும் சரிசெய்வது அல்லது தேடிப் பிடிப்பது, இரண்டில் ஒன்றுதான்.

காப்பாற்றியவர்கள் மனிதர்கள்தான். ஐபிஎம் போனாலும் அதன் இந்திய எஞ்சினியர்கள் எங்கும் போய்விடவில்லை. அவர்களில் பலர் சிஎம்சிக்கு வந்தார்கள். வேறு சிலர் சேர்ந்து ஐடிஎம் என்று தனியாக ஒரு கம்பெனி நடத்தினார்கள். பத்து வருடம் ஒரு டிரைவின் சத்தத்தைக் கேட்டுப் பழகிய காது எந்தப் புத்தகத்திலும் இல்லாததைச் சொல்லும். அந்தக் காதுகள் ஊரிலேயே இருந்தது நாட்டின் அதிர்ஷ்டம். ஐபிஎம் விட்டுப்போன இடத்தை நிரப்ப எச்சிஎல், டிசிஎம், விப்ரோ என்று உள்ளூர்க் கம்பெனிகள் முன்னுக்கு வந்தன. எச்சிஎல்லைத் தொடங்கிய சிவ நாடார் நம் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். அந்தக் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். சிஎம்சி கதையை எழுதுவோர் குறைவு. புதிதாகச் செய்தவருக்குக் கிடைக்கும் மாலை, பழையதைப் பார்த்துக்கொண்டவருக்கு எந்த ஊரில் கிடைத்திருக்கிறது?

பராமரிப்பு நிறுவனம் என்பதால் சிஎம்சிக்கு ஒரு விசித்திரமான படிப்பு வாய்த்தது. ஐபிஎம்முக்குப் பிறகு மற்ற வெளிநாட்டுக் கம்பெனிகளின் மெஷின்களும் அதன் பொறுப்புக்கு வந்தன. ஒரு கம்பெனியின் எஞ்சினியருக்குத் தன் மெஷின் மட்டும்தான் தெரியும். இவர்களுக்கோ பல ஜாதி மெஷின்களின் வயிறும் தெரியும். எதை எதோடு கோக்கலாம் என்ற அறிவு அதிலிருந்து வந்தது. 1984-ல் பெயரையே சிஎம்சி லிமிடெட் என்று சுருக்கிக்கொண்டார்கள். வெறும் மெயின்டனன்ஸ் என்ற நிலையைத் தாண்டிவிட்டோம் என்ற அறிவிப்பு அது.

தாண்டியது உண்மைதான். 1985-ல் புது தில்லியில் ரயில் முன்பதிவைக் கம்ப்யூட்டரில் தொடங்கிவைத்த ‘இம்ப்ரெஸ்’ அமைப்பு சிஎம்சி கட்டியது. டெக் கம்பெனியின் வாக்ஸ் மெஷின்கள் மேல் ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னைக்கும் வந்தது. அதற்கு முன் டிக்கெட்டுக்கு முதல் நாள் இரவே துண்டு போட்டுப் படுத்தவர்கள், தடித்த லெட்ஜரில் சிவப்பு மையால் பெயர் எழுதியதைப் பார்த்தவர்கள், எந்தக் கவுண்ட்டரிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் என்றபோது வாய்பிளந்தார்கள்.

அந்த ரயில் டிக்கெட்டின் பின்வாசலில்தான் நம் விஷயம் மறுபடி வருகிறது. வாக்ஸ் மெஷினின் ஆபரேட்டிங் சிஸ்டம் விஎம்எஸ், 1977-ல் அறிமுகமானது. பிற்பாடு ரயில்வேயின் ‘கிரிஸ்’ நிறுவனம் முன்பதிவை ‘கான்சர்ட்’ என்று புதிதாக எழுதியது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999-ல் ஒன்றாக இணைந்தன. அப்போதும் அடியில் அதே விஎம்எஸ் வம்சம். வாக்ஸ் சிப் வழக்கொழிந்தபோது ஆல்ஃபா சிப்புக்கு மாறினார்கள், ஆல்ஃபா போனபோது இட்டேனியத்துக்கு. நிரல் பெரிய அளவில் தப்பித்தது, ஆபரேட்டிங் சிஸ்டம் ஒவ்வொரு முறையும் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த சிப்புக்குத் தாவியதால். பிறகு இட்டேனியமும் முடிந்தது. 2021 ஜூலையோடு அந்தச் சிப் அனுப்புவதை இன்டெல் நிறுத்தியது. 2024 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.7 அதற்கான ஆதரவைத் தூக்கியது. விஎம்எஸ் மட்டும் 2022-ல் சாதாரண இன்டெல் வகைச் சர்வர்களுக்கும் வந்துவிட்டது, இப்போது அதை ஒரு சிறிய கம்பெனி வளர்க்கிறது. சேலம் ஜங்ஷன் கவுண்ட்டரில் டிக்கெட் வாங்கியவருக்கு இந்தக் கூடுவிட்டுக் கூடு பாய்தல் எதுவும் தெரிந்திருக்காது. தெரியாமல் நடந்ததுதான் அதன் வெற்றி.

சிஎம்சியின் பெரும்பங்கை 2001-ல் டாட்டா குழுமம் வாங்கியது. 2015-ல் டிசிஎஸ்ஸோடு கரைந்துபோனது. ஐபிஎம்மும் 1990களின் தொடக்கத்தில் அதே டாட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தியாவுக்குத் திரும்பி வந்தது.

1401 என்ன ஆனது என்று கேட்டால், கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் உள்ள கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் இரண்டை மறுபடி ஓடவைத்திருக்கிறார்கள், டேப் டிரைவோடு. ஒன்று ஜெர்மனியில் கிடைத்தது. ஓய்வுபெற்ற ஐபிஎம் எஞ்சினியர்கள் வாரம் தவறாமல் வந்து, மக்கிப்போன டிரான்சிஸ்டர்களை மாற்றி உயிர்கொடுத்தார்கள். அவர்கள் கையில் அந்தச் சர்க்யூட் படப் புத்தகங்கள் இருந்தன.

புத்தகம் எல்லார் கையிலும் இருந்தால் எப்படி இருக்கும்? அதற்கும் ஒரு பதில் நம் வீட்டுப் பரணிலேயே கிடக்கிறது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பெட்டிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் மையத்தில் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய, மூலநிரலை யாரும் திறந்து படிக்கக்கூடிய லினக்ஸ் அது. பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அது வேறு விஷயம். அதிலிருந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதி ஆயுள் முடிந்தது. விண்டோஸ் 11 அந்தப் பெட்டியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டு, பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டினால், பில் போடவும் டைப் அடிக்கவும் இன்னும் சில வருடம் ஓடும். சொற்பச் செலவில் ஒரு கம்ப்யூட்டர். ஆத்தூர்க் கடைகளில் இதை யாரும் போர்டு போட்டு விற்பதில்லை என்பது என் ஆதங்கம்.

அதற்காக லினக்ஸ் எதையும் கைவிடாது என்று நினைத்துவிட வேண்டாம். லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் ஹெல்சின்கியில் தன் சொந்த 386 மெஷினுக்காக எழுத ஆரம்பித்தது அது. அந்த 386-க்கான ஆதரவையே 2012 கடைசியில் வெட்டி எறிந்தார்கள். 2013-ல் வந்த 3.8 பதிப்பு தன்னைப் பெற்றெடுத்த மெஷினில் ஓடாது. பழையதற்காக எழுதிய ஒவ்வொரு வரியையும் யாராவது படித்துப் பார்த்து, புதிது மாறும்போதெல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும். சோதிக்க மெஷின் இல்லை, ஆளும் இல்லை என்றால் அந்தக் கிளை உதிரும். காசுக்காக விலக்குவதல்ல, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் விலகுவது.

டேப்பில் இது இன்னும் கூர்மை. இன்றைக்கும் டேப் செத்துவிடவில்லை. எல்டிஓ என்ற வகை 2000-ல் 100 ஜிபியோடு வந்தது, 2021-ல் வந்த ஒன்பதாம் தலைமுறையில் ஒரு கேட்ரிட்ஜில் 18 டிபி. வங்கிகளும், சென்னையில் சினிமாவின் டிஜிட்டல் அசலைப் பாதுகாப்பவர்களும் அதைத்தான் நம்புகிறார்கள். ஏழாம் தலைமுறை வரை, ஒரு டிரைவ் தனக்கு முந்திய இரண்டு தலைமுறை டேப்புகளையும் படிக்கும் என்று ஒப்பந்தம். 2017-ல் எட்டாவது வந்தபோது அது உடைந்தது, ஒரு தலைமுறை மட்டும்தான். படிக்கும் தலையின் தொழில்நுட்பமே மாறியது காரணம். ஆறாம் தலைமுறை டேப்பில் படத்தை வைத்திருப்பவர் ஆறாவது அல்லது ஏழாவது தலைமுறை டிரைவ் ஒன்றைத் தேடி வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல வேளையாக, லினக்ஸின் மையமான கர்னலில் எஸ்டி என்ற டிரைவர் 1990களிலிருந்து இந்த டிரைவ்களோடு பேசுகிறது. பின்லாந்தின் காய் மேக்கிசாரா பொறுமையாக வளர்த்தது.

எல்லா டேப்புக்கும் அப்படி ஒரு காவலர் வாய்க்கவில்லை. 1990களில் சிறிய அலுவலகங்கள் பேக்கப்புக்கு க்யூஐசி-80 என்ற கையடக்க கேட்ரிட்ஜ் டிரைவை வாங்கின. தனி கன்ட்ரோலர் கார்டு வாங்கும் செலவை மிச்சப்படுத்த, அதை ஃபிளாப்பி டிரைவின் ஒயரிலேயே மாட்டினார்கள். ஃபிளாப்பி கன்ட்ரோலருக்கு டேப் என்றால் என்னவென்றே தெரியாது. ‘தலையை ஒரு படி நகர்த்து’ என்று துடிப்பு அனுப்ப மட்டும் தெரியும். அந்தத் துடிப்புகளின் எண்ணிக்கையையே கட்டளையாக்கினார்கள். இத்தனை துடிப்பு வந்தால் பின்னால் சுற்று, இத்தனை வந்தால் உன் நிலையைச் சொல். டிரைவ் பதில் சொல்வதும் ஒற்றைக் கம்பியில்தான், ‘தலை முதல் தடத்தில் இருக்கிறது’ என்று ஃபிளாப்பி சொல்லும் கம்பியில், ஒவ்வொரு பிட்டாக. கதவைத் தட்டும் எண்ணிக்கையில் ரகசியம் பேசிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு லினக்ஸில் எஃப்டேப் என்று டிரைவர் எழுதினார் பாஸ் லார்ஹோவன். பிறகு கிளவுஸ்-யூஸ்டுஸ் ஹைனே பார்த்துக்கொண்டார். பிறகு யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. 2007 தொடக்கத்தில் வந்த 2.6.20 கர்னலில் எஃப்டேப்பை நீக்கிவிட்டார்கள். க்யூஐசி-80 கேட்ரிட்ஜில் பழைய கணக்கை வைத்திருந்தவர், அதைப் படிக்க இருபது வருடம் பழைய லினக்ஸை ஒரு பழைய பெட்டியில் உயிரோடு வைத்திருக்க வேண்டியதாயிற்று.

2025-ல், பழைய டேப்புகளிலிருந்து தகவல் மீட்கும் ஒரு நிரலாளர், அந்தக் கைவிடப்பட்ட மூலநிரலை எடுத்துச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு இன்றைய கர்னலில் ஓடும்படி திருத்தினார். அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை, எந்தக் கம்பெனியின் பீரோவையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. 1978-ல் நம்மிடம் இல்லாமல் போனது அதுதான். டிரைவ் மறுபடி துடிப்புகளை எண்ண ஆரம்பித்துவிட்டது. இந்த வகை கேட்ரிட்ஜ்களுக்குள் நாடாவைச் சுற்றும் ரப்பர் வளையம் இத்தனை வருடத்தில் சுருங்கிப் போயிருக்கும், சிலவற்றில் நாடாவிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மீட்பு வேலை செய்பவர்கள் அதை இடுக்கியால் பிரித்து எடுத்து, வேறு கேட்ரிட்ஜிலிருந்து ஒன்றைக் கழற்றிப் போட்ட பிறகுதான் டிரைவில் செருகுகிறார்கள்.